சக்கரத்துக்குள் ஈயம்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் வாசல்வரை வந்து சேர்ந்த முதல் நான்கு சக்கர வாகனம் முழங்கால் உயரம்கூட இல்லாதது. குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டுச் சில வருடங்கள் கழித்துத் திரும்பிய சித்தி, பெரிய பைக்குள் துணிகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்து வைத்தாள். பாறையில் ஏறுகிற ரிமோட் கார். சிவப்பு நிறம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய டயர்கள். அவள் வேலை பார்த்த வீட்டுப் பையன் விளையாடிச் சலித்துக் கொடுத்ததாம். அதைத் தன் மகனுக்கென்று கொண்டுவந்திருந்தாள்.

அந்த மகனை நடக்கப் பழகும் வயதில் எங்களிடம் விட்டுவிட்டுத்தான் அவள் போயிருந்தாள். அவன் தகப்பன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். பையன் எனக்குத் தம்பியாக, என் அம்மாவோடு படுத்து, என் அம்மாவையே அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தான். வந்தவளை நான் சித்தி என்றதால் அவனும் சித்தி என்றான். “டேய், அது ஒங்கம்மாடா” என்று அம்மா சொன்னால் அம்மாவின் சேலைக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்வான்.

ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சித்தி அம்மாவிடம் சொன்னாள். “திரும்பிப் போறதுக்குள்ள ஒரு வாட்டியாவது அவன் என்னைய அம்மான்னு கூப்புட்டா போதும்க்கா.” வாளியோடு பக்கத்தில் நின்ற எனக்கு அது ஒரு பெரிய ஆசையாகவே படவில்லை. இரண்டு டொஃபி கொடுத்தால் அவன் கங்காணியைக்கூட அம்மா என்பான்.

கார் வெளியே வந்தால் மட்டும் அவனும் வெளியே வருவான். ஆனால் லயத்துக்குப் பின்னாலிருந்த பாறையில் அது பாதி தூரம் ஏறும், மூக்கைத் தூக்கும், மல்லாந்து விழும். விழுந்ததும் அவன் முகம் வாடி உள்ளே போய்விடுவான். சித்தி ரிமோட்டும் கையுமாகத் தனியே நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இதில் தலையிட்டார். அப்பாதான் அந்தக் கங்காணி. பெண்கள் பறித்த கொழுந்தை நிறுக்கையில் ஈரத்துக்கென்று கிலோ கழிக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர்.

“மலை ஏறுறவங்க பாரத்த எங்க கட்டுவாங்க? முதுகுலதானே?” என்றார்.

அவர் பால்மாப் பையில் கூழாங்கல் நிரப்பி, காரின் முதுகில் தொங்கவிட்டு, கொழுந்துக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுவதுபோல் முன்பக்கம் வரை கயிறு இழுத்துக் கட்டினார். லயமே கூடிவிட்டது. கார் பாறையில் முன்கால் வைத்தது, நிமிர்ந்து நின்றது, அப்படியே குட்டிக்கரணம் போட்டு அப்பாவின் காலடியில் விழுந்தது.

“ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சிட்டு ஏத்துங்க கங்காணி!” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அப்பா, ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போனார்.

மறுநாள் சித்தி என்னை ஹட்டனுக்குக் கூட்டிப்போனாள். பஸ் நிற்குமிடத்துக்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம், சக்கரத்தின் எடையைச் சமப்படுத்த ஒட்டுகிற ஈயத் துண்டு பழையது இருக்குமா என்று கேட்டாள்.

“என்ன லொறிக்கு தங்கச்சி?” என்றார் அவர்.

சித்தி இரண்டு கையையும் ஒரு முழத்துக்கு விரித்து லொறியின் நீளத்தைக் காட்டினாள். நானா சிரித்துக்கொண்டே ஒரு டின் நிறைய அள்ளிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சக்கரங்களைக் கழற்றி, டயரை உரித்து, உள்வளையத்தைச் சுற்றி ஈயத்தை ஒட்டினாள். முன்சக்கரங்களுக்கு நிறைய, பின்சக்கரங்களுக்குக் கொஞ்சம். பாரம் முதுகில் இருந்தால் ஆளைப் பின்னால் இழுக்கும், காலில் இருந்தால் தரையில் நிறுத்தும் என்றாள். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அங்க அவனும் நானும் ஒக்காந்து இதத்தானே மாட்டுவோம்” என்றாள். கை மட்டும்தான் இங்கே வேலை செய்தது.

கழற்றிய சக்கரம் உருண்டு போனபோது தம்பி எடுத்துவந்து கொடுத்தான். கொடுத்தவன் போகவில்லை. கைக்கெட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

சாயங்காலம் கார் மறுபடி பாறைக்குப் போனது. வழக்கமாக விழுகிற இடத்தில் மூக்கைத் தூக்கப் பார்த்தது. முன்சக்கரத்து ஈயம் விடவில்லை. டயர்கள் கல்லைப் பிடித்து, வழுக்கி, திரும்பப் பிடித்தன. சித்தி தன்னை மறந்து கத்தினாள். “பயப்படாத ஹமூதி! ஏறுடா! அப்பிடித்தான் ஹமூதி!”

கார் உச்சிக்குப் போய் நின்றது. தம்பி கைதட்டிக்கொண்டே ஓடிவந்து, முதன்முறையாகச் சித்தியின் மடியில் விழுந்தான்.

“சித்தி, ஹமூதிய இன்னொருக்கா ஏத்துங்க!”

அது காரின் பெயர் என்று நினைத்துவிட்டான். நானும்தான். சித்தி ரிமோட்டைக் கீழே வைத்தாள். பின்கதவோரம் நின்று பார்த்த அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் கார் ஹமூதிதான். தம்பி தினமும் காலையில் சித்தியின் பாய்க்கு ஓடிப்போய், “ஹமூதி எந்திரிச்சிட்டானா?” என்பான். “எந்திரிச்சிட்டான்” என்று அவளும் சொல்வாள். அவள் திருத்தவே இல்லை. தை பிறந்ததும் திரும்பக் குவைத்துக்குப் போனாள். பஸ் ஏறும்வரை அவனுக்கு அவள் சித்திதான்.

ஹமூதி என்பது அவள் அங்கே இடுப்பில் தூக்கி வளர்த்த பையனின் செல்லப் பெயர் என்பது, நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அன்றைக்குப் பாறையடியில் எனக்கு விளங்காமல் போனது ஒன்றுதான். ஒரு வார்த்தைக்கு ஏங்கியவளுக்கு மடி நிறையப் பிள்ளையே வந்து விழுந்திருக்கிறான், இந்தச் சித்தி எதற்கு அழுகிறாள்?