ஜெகதளாவில் கரடி விளக்கை அணைத்தோம்

பொங்கல் விடுமுறைக்கு விடுதியே காலியானது. எல்லோரும் ஊருக்குப் போனார்கள். நான் ஒன்பது கிலோ பையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன். பையில் கேமரா, நீள லென்ஸ், முக்காலி, இரண்டு பேட்டரி, ஒரு கம்பளிக் குல்லா. வேலை, விண்வெளிக் குப்பை. "இன்ஜினியரிங் படிக்க வெச்சது குப்பை பொறுக்கறதுக்கா?" என்று பெரியம்மா போனிலேயே கேட்டுவிட்டார். ஆமாம் பெரியம்மா, அதற்குத்தான். பொறுக்க ஆளில்லாமல்தான் மேலே அவ்வளவு கிடக்கிறது.

கோவையில் ஒரு சின்ன நிறுவனத்தில் ஆறு வார இன்டர்ன்ஷிப். செத்துப்போன ராக்கெட் துண்டுகளைப் பிடித்துக் கீழே இறக்குவது எப்படி என்று அங்கே ஆராய்கிறார்கள். எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு துண்டு. என்றைக்கோ ஏவிய ராக்கெட்டின் மேல்பகுதி, ஒரு மினி பஸ் நீளம் இருக்கும். கேட்பாரற்று பூமியைச் சுற்றுகிறது, சுற்றும்போதே குட்டிக்கரணமும் போடுகிறது. எத்தனை நொடிக்கு ஒரு கரணம் என்று தெரியாமல் அதன் பக்கத்தில் எந்தக் கருவியையும் அனுப்ப முடியாது, அடித்து நொறுக்கிவிடும். நொறுங்கினால் ஒரு குப்பை ஆயிரம் குப்பையாகும். உருளும்போது வெயில் பட்டு அது மின்னி மின்னி மங்கும். அந்த மின்னலைப் படம்பிடித்தால் கணக்கு கிடைத்துவிடும்.

கோவை வானத்தில் தூசியும் தெருவிளக்கும் போட்டி போடுகின்றன. நீலகிரிக்குப் போகிறேன் என்றேன். எங்கள் குழுத் தலைவர் கார்த்தி அண்ணாவுக்கு நம்பிக்கையே இல்லை. "அங்க முழுக்க மூடுபனிம்மா. ஊட்டி டூர் போகணும்னா நேரா சொல்லிடு" என்றார். கூட இருந்த பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஜனவரியில் உறைபனி விழுகிற நாட்களில் அந்திவானம் துடைத்துவிட்டது போல இருக்கும் என்று பழைய வானிலைப் பதிவுகளைக் காட்டிச் சண்டை போட்டேன். மூன்று நாள் கொடுத்தார். படம் கிடைக்காவிட்டால் அந்தத் துண்டு வேறு ஆளுக்குப் போகும். நான் மிச்ச வாரங்களுக்கு அலுவலகத்தில் அடுத்தவர் அறிக்கைக்குப் பிழை திருத்த வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.20 பேருந்து. குன்னூர் முப்பத்து நான்கு கிலோமீட்டர்தான்; விடுமுறைக் கூட்டத்தில் இரண்டரை மணி நேரம் ஆனது. மலை ஏறுமுன் சோதனைச் சாவடியில் பேருந்துக்குள் ஏறிய ஊழியர் அம்மா ஒருவர் என் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். "மேல கொண்டு போகக் கூடாதுங்க அம்மணி. ஸ்டீல் பாட்டில் வாங்கிக்கோங்க." கோபம் வந்தது, உடனே சிரிப்பும் வந்தது. ஒரு லிட்டர் பாட்டிலுக்கு இங்கே சாவடி இருக்கிறது. மினி பஸ் நீள ராக்கெட்டை மேலே விட்டவனை நிறுத்திக் கேட்க ஒரு சாவடியும் இல்லை.

குன்னூரில் தேநீரும் மொறுமொறு வர்க்கி ரொட்டியும் முப்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து அருவங்காட்டுக்கு டவுன் பஸ், பிறகு ஜெகதளாவுக்கு ஆட்டோ, நூற்றைம்பது. தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஜமீலா அக்காவின் வீட்டு மாடியில் ஓர் அறை, நாளுக்கு எழுநூறு. அக்காவின் கணவர் அருவங்காட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எனக்கு வேண்டியது அறை இல்லை, மொட்டைமாடி. வடக்கே தடையில்லாத வானம், தெளிந்த மாலை. முக்காலியை விரித்தேன். ஆறரைக்கு எதிர்வீட்டு முகப்பில் ஒரு ஃபிளட் லைட் எரிந்தது. பகலே திரும்பி வந்துவிட்டது.

அது கரடி விளக்கு. அந்தத் தெருவுக்கு இருட்டினால் கரடி வரும். எண்ணெய் வாசனைக்கு அடுக்களைக் கதவையே பெயர்க்கும். போன மாதம் தெருமுனைக் கடையின் ஷட்டரை நெளித்துவிட்டுப் போயிருக்கிறது. விளக்குக்குச் சொந்தக்காரர் செல்வராஜ் அண்ணன், தேயிலை ஃபேக்டரியில் வேலை. ராக்கெட் கடக்கிற ஏழு மணிக்கு ஏழு நிமிடம் மட்டும் அணைக்க முடியுமா என்று கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, ஷிப்ட் முடிஞ்சு பொம்பளைங்க நடந்து வர்ற நேரமுங்க அது. கரடி வந்து நின்னா நீங்க பதில் சொல்வீங்களா?"

நியாயமான கேள்வி. அன்றைய மாலை அப்படியே போனது. ராக்கெட் என் தலைக்கு மேலே போயிருக்கும். எனக்குத் தெரிந்தது ஃபிளட் லைட்டைச் சுற்றிய பூச்சிகள்தான்.

மறுநாள் காலை ஜமீலா அக்காவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். விட்டுவிட்டு வரும் ஜாதி இல்லை நான். போனில் படம் காட்டி, அது என்ன, யார் விட்டது, ஏன் கணக்கு வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். செல்வராஜ் அண்ணன் கடைசி வரை கேட்டார்.

"அப்ப விட்டவனே எடுக்க மாட்டானா?"

"மாட்டேங்கறாங்கண்ணா. எப்படி உருளுதுன்னு தெரியாம எடுக்க முடியாதாம்."

"நல்ல சாக்குங்க" என்றார். "சரி, அணைக்கறேன். கரடிய நாங்க பாத்துக்கறோம்."

எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஃபோகஸ், பேட்டரி, லென்ஸில் பனி படிதல் என்று எல்லாவற்றையும் யோசித்தவள் அதை மட்டும் யோசிக்கவில்லை. சரியாக ஏழுக்கு விளக்கு அணைந்தது. அடுத்த நொடி தெருவில் நெருப்பு. கவாத்தில் வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் கிளைகளை, பாதி பச்சை, பாதி ஈரம், மூன்று இடத்தில் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். கரடி என்ன, கொசுகூட வராது. புகை கெட்டியாக எழுந்து என் வானத்தை மூடியது. லென்ஸில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. கீழிருந்து செல்வராஜ் அண்ணன் பெருமையாகக் கத்தினார்: "பயப்படாம எடுங்கம்மணி!"

சுவரில் சாய்ந்து அழுதேன். எனக்காக நெருப்பு மூட்டியவர்களை எப்படித் திட்டுவது? அந்த நேரம் பார்த்து கார்த்தி அண்ணா போன் செய்தார். "வரலையா? நான் அப்பவே சொன்னேன்ல. நாளைக்குக் காலைல இறங்கி வந்துடு" என்றார். அந்த "அப்பவே சொன்னேன்ல" இருக்கிறதே, அதைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது.

"இல்லண்ணா. மூணு நாள் கொடுத்தீங்க, இன்னொரு சாயங்காலம் பாக்கி இருக்கு. எடுத்துட்டுத்தான் வருவேன்" என்று சொல்லி நானே போனை வைத்தேன்.

மூன்றாம் நாள் தெருவில் நின்று எல்லோரிடமும் சொன்னேன்: நெருப்பு வேண்டாம், டார்ச் வேண்டாம். என் கேமராவுக்குக் கண் மட்டும்தான் உண்டு, காது கிடையாது. கரடியை விரட்ட எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடுங்கள். செல்வராஜ் அண்ணன் ஒரு கணம் முழித்தார். பிறகு சிரித்தார். "அட, இதை நேத்தே சொல்லியிருக்கலாமுல்ல!"

அந்தி நேர மஃரிப் தொழுதுவிட்டு ஜமீலா அக்கா மாடிக்கு வந்தார், கையில் பிரியாணி அண்டாவின் மூடியும் கரண்டியும். ஏழு மூன்றுக்கு விளக்கு அணைந்தது. தெரு முழுக்கத் தட்டு, தகரம், பால் கேன். ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் டிபன் பாக்ஸ்களை மோதிக்கொண்டே நடந்தார்கள். அந்தக் களேபரத்துக்கு மேலே, துடைத்த வானத்தில், வடமேற்கிலிருந்து ஒரு புள்ளி ஏறி வந்தது. பளிச்சென்றது. மங்கியது. மறுபடி பளிச்.

"அதுவா? அதுவா அம்மணி?" அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அதேதாங்க்கா. தட்டுங்க, நிறுத்தாதீங்க!"

மின்னும்போதெல்லாம் தெருவே கூவியது. ஐந்து நிமிடம் ஒரு மறைப்பும் இல்லாமல் படம் விழுந்தது. பதினொரு நொடிக்கு ஒரு மின்னல். கரடி அன்றைக்கு எட்டியும் பார்க்கவில்லை.

படத்தை அன்றிரவே அனுப்பினேன். கார்த்தி அண்ணாவிடமிருந்து காலையில் ஒரு வரி வந்தது: "நல்லா இருக்கு. துண்டு உன்கிட்டயே இருக்கட்டும்." மன்னிப்பு எல்லாம் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இதே வேலைக்கோ சும்மா வானம் பார்க்கவோ போகிறவர்களுக்கு: ஜனவரி நடுவில் போங்கள், இரண்டு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், பேருந்துக்குத் தேவையில்லை. சாவடியில் பாட்டிலுக்காகச் சண்டை போடாதீர்கள், அவர்கள் செய்வதுதான் சரி. அந்தி சாய்ந்தபின் தோட்டப் பாதையில் தனியாக நடக்காதீர்கள். உங்களுக்கு இருட்டு வேண்டுமென்றால் விளக்குக்காரரிடம் கேளுங்கள். அணைத்த பிறகு என்ன செய்யப்போகிறார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இறங்கும்போது என் குப்பையை எல்லாம், தீர்ந்த பேட்டரி உட்பட, பையிலேயே கொண்டுவந்தேன். அந்த ராக்கெட் இன்னும் மேலேதான் இருக்கிறது. விட்டவர்கள் யாரென்று ஊருக்கே தெரியும். எப்படி உருள்கிறது என்று தெரியவில்லை, அதனால் எடுக்க முடியவில்லை என்றுதான் இத்தனை நாள் சொன்னார்கள். பதினொரு நொடி. ஜெகதளாவில் ஒரு தெருவே பார்த்தது. இனி வேறு சாக்கு தேடிக்கொள்ளட்டும்.