முழங்கால் அளவு தண்ணீர்

"ஐப்பசி, வியாழன், காலை ஏழேகால். மச்சான் பொட்டலில் தண்ணீர். முழங்கால் அளவு. மூன்றாம் நாளாக வடியவில்லை."

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் நாட்குறிப்பில் நான் எழுதியது. மழை, மின்வெட்டு, பேருந்து வராத நாள் என எல்லாவற்றையும் கிழமை, நேரம் போட்டு எழுதிவைப்பவன் நான். யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்ட அன்றோ, கேட்காமலே இருந்திருக்கலாம் என்றாகிவிட்டது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். குன்றாண்டார்கோவில் பக்கம் அவருக்கு இருக்கும் சரளை நிலத்தில் கடலை போட்டால் விதைகூடத் திரும்பாது. சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். சூரிய மின் நிலையத்துக்கு ஒரு கம்பெனி இடம் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊரோடு இருந்துவிடுவது என்று முடிவு கட்டி, பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார்.

இடம் பார்க்க ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம் மகளின் குறைகளை வரிசையாகச் சொல்லும் தகப்பனைப் போல மச்சான் ஆரம்பித்தார்.

"வானம் பார்த்த பூமிங்க. புல்லுகூட மொளைக்காது. ஆடு வந்தா அழுதுட்டுத்தான் போகும்."

"அதத்தான் சார் தேடுறோம்."

சமதளம், சரி. துணைமின் நிலையம் பக்கத்தில், சரி. நிழலுக்கு ஒரு மரம் இல்லை, ரொம்பச் சரி. மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"மழைக்குத் தண்ணி நிக்குமா சார்?"

"ஒரு சொட்டு நிக்காதுங்க. வேணும்னா எங்க மாப்ளயக் கேளுங்க. எல்லாத்தயும் எழுதி வச்சிருப்பாரு."

பெருமையில் எனக்கு அறிவு மழுங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடி, நோட்டை எடுத்துவந்து, அந்த வரியைச் சத்தமாக வாசித்தேன். மச்சான் பார்த்த பார்வையில் கடலை வறுத்திருக்கலாம்.

"நல்லவேளை எழுதி வச்சீங்க" என்றார் இன்ஜினியர். "கொஞ்சம்னா பேனல் ஸ்டாண்ட ஒசத்திப் போட்டுக்கலாம். ரொம்பன்னா இந்த இடம் சரிப்படாது. முழங்கால்னா எத்தனை அடி?"

மச்சான் தாவிப் பிடித்தார். "மாப்ள, அது யாரு முழங்காலு? ஒங்களுதா? அப்பக் கவலயே இல்லம்மா. இவரு முழங்காலு எனக்குக் கணுக்காலு."

வேட்டியைத் தூக்கச் சொன்னார். இன்ஜினியர் சிரிக்காமல் என் காலில் டேப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு நினைவு வந்தது: அன்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆடு மேய்க்கும் ஓர் அக்கா சொன்னதைக் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான். முழங்கால் என்றார். தன் காலா, ஆட்டின் காலா என்று நான் கேட்கவில்லை. அதையும் சொல்லித் தொலைத்தேன்.

"மணி ஏழேகாலுன்னு எழுதத் தெரிஞ்சுச்சுல்ல? யாரு காலுன்னு கேட்டுத் தொலச்சா என்ன?" என்றார் மச்சான்.

அந்த அக்கா இப்போது ஆலங்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். மறுநாளே மச்சானின் பைக்கில் போனோம். நோட்டைக் காட்டி விவரம் சொன்னேன்.

"எந்த மழ தம்பி?" என்றார். "நீங்க எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்."

வரும் ஐப்பசி மழையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். மச்சான் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார். பெட்டியைப் பரணிலிருந்து பாதி இறக்கி வைத்திருக்கிறார். பொட்டலின் நடுவில் ஒரு மூங்கில் நட்டு, அங்குலம் அங்குலமாகக் கோடு போட்டிருக்கிறோம். நாட்குறிப்பில் அந்தப் பழைய வரியின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்தேன்: முழங்கால் யாருடையது என்பது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.