முறுக்குத் தகடும் ராத்தாவின் விதைநெல்லும்

எங்கள் ஆலையில் நெல் காயவைக்கும் மெசினின் பாதிச் சூடு புகைபோக்கி வழியாக வீணாகிக்கொண்டிருந்தது. அடுப்பின் புகை இரும்புக் குழாய்களுக்குள் ஓடும். குழாய்களைச் சுற்றி விசிறி ஊதும் காற்று சூடேறி நெல்லுக்குப் போகும். ஆனால் புகை நேரே ஓடிவிடுவதால் நடுவிலிருக்கும் சூடு குழாய்ச் சுவரில் படுவதே இல்லை. நான் பழைய பீப்பாய்த் தகட்டை நீளநீளமாக வெட்டி, முறுக்கி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் செருகினேன். புகை சுழன்று சுவரில் உரசிக்கொண்டு போனது. கிட்டவே போக முடியாத புகைபோக்கியில் இப்போது கை வைக்க முடிந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எண்பதுகளில் ஒரு வருடம் அறுவடை மழையில் மாட்டிக்கொண்டது. ராத்தா என் கூடப்பிறந்த அக்கா. மச்சான் மௌத்தாகி அவர் விதவையான பிறகு அவருக்கு இருந்தது நாவிதன்வெளிப் பக்கம் ஒரு வயல் மட்டும்தான். விதைநெல்லை எப்போதும் வெயிலில்தான் காயவைப்பார். அன்று ஈரச் சாக்குகளோடு வந்து நின்றார்.

“வெயிலக் காணல்ல தம்பி. உன்ட மெசினில மெதுவாக் காய வெச்சுத் தா. விதைநெல்லு, கவனம்.”

“ஓம் ராத்தா, நீங்க பயப்படாமப் போங்க.”

அது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குப் போகுமுன் அடுப்பு நிறைய விறகைத் திணித்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். திரும்பி வரும்வரை நெருப்பு அணையாது. வெறும் குழாயாக இருந்த காலத்தில் அதனால் நெல்லுக்குக் கெடுதியும் இல்லை. அன்றும் அப்படியே திணித்தேன். புகைபோக்கியில் போன சூடெல்லாம் இப்போது நெல்லுக்குத்தான் போகும்; தகடு செருகியவனே நான்தான், அதை யோசிக்காதவனும் நான்தான். திரும்பி வந்து ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தேன். டக்கென்று உடைந்தது. ஆலைக்காரனுக்கு அதுதான் சோதனை. கடித்துப் பார்த்தேன், நன்றாகக் காய்ந்துவிட்டது என்று ராத்தாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த போகத்துக்கு ராத்தா அதை ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடினார். மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். சாக்கின் அடிவரை கையை விட்டுத் துழாவினேன். ஒரு நெல்லில்கூட வெள்ளை முளை இல்லை. சூட்டில் எல்லாம் செத்திருந்தது.

“கடிச்சுப் பாத்த தானே தம்பி?”

“ஓம் ராத்தா.”

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மழையில் எல்லாருடைய விதையும் போயிருந்ததால் கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். சுற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை பிடித்தபோது ராத்தாவின் வயல் புல்லேறிக் கிடந்தது. அந்தப் பாதையில் போவதையே விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளி ஜும்ஆ முடிந்து ராத்தா வீட்டுக்குப் போனபோது எனக்குச் சோறு போட்டார். முளைக்காத அந்த விதைநெல்லைத்தான் அவித்துக் குற்றியிருந்தார்.

“தின்னு தம்பி, வீணாக்கப்படாது.”

அவர் பார்த்துக்கொண்டிருக்க, முழுவதையும் தின்றேன்.