சட்டைக்குள் கடித்த சிலந்தி

எங்கள் பட்டாசு கம்பெனியில் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள். சாயங்காலம் அதைக் கழற்றி வேப்பமரக் கிளையில் மாட்டிவிட்டுப் போவார்கள். ராத்திரியில் எது வேண்டுமானாலும் அதற்குள் ஏறும் என்று போர்மேனாகிய என் மரமண்டைக்கு அன்றுவரை உறைத்ததில்லை.

தீபாவளி சீசன். திரி சொருகும் பெண் ஒருத்தி காலையில் வலதுகையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணாச்சி, சட்டைக்குள்ள எட்டுக்கால் பூச்சி கடிச்சிருச்சு. உதறினேன், கருப்பா ஓடுச்சு."

மணிக்கட்டுக்கு மேல் இரண்டு சின்னப் புள்ளிகள். சுற்றிலும் சிவந்திருந்தது.

"பூச்சியாவது கீச்சியாவது! மருந்து பட்டு அரிச்சிருக்கும்," என்றேன். எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்துதான். தோலில் எது வந்தாலும் அதன்மேல் பழியைப் போட்டே பழகிவிட்டோம். தீப்புண் களிம்பை அப்பி, துணியால் இறுக்கிக் கட்டிவிட்டேன்.

மறைப்பானேன், எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் பட்டாசு கம்பெனி ஆள் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே வெடிவிபத்து என்று ஊர் பேசும். அதிகாரிகள் வந்து நிற்பார்கள். லோடு ஏற்ற வேண்டிய நாள் வேறு. மதியம் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வெயிலு தாயி, மோரைக் குடி," என்றேன். பாவி நான்!

மறுநாள் கை வீங்கி, கட்டுக்கு வெளியேயும் கருத்துக் கிடந்தது. நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். கட்டை அவிழ்த்ததும் டாக்டர் கத்தினார். "எந்தப் புண்ணியவான் இப்படி இறுக்கிக் கட்டினது? சோப்பு போட்டுக் கழுவி, ஐஸ் வச்சு, கையை அசைக்காம உடனே கூட்டிட்டு வந்திருக்கணும். வேர்வையும் வயித்துவலியும் வந்த பிறகுமா பார்த்துட்டு இருந்தீங்க? பூச்சி கடிச்சதை இந்தம்மா யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லலைங்க டாக்டர்." என் வாயிலிருந்துதான் வந்தது.

கட்டிலில் கிடந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஆமாங்கய்யா, நான்தான் அண்ணாச்சிகிட்ட சொல்லலை."

கருகிய சதையை வெட்டி எடுத்தார்கள். இரண்டு விரல் மடங்கவே இல்லை. அந்தக் கையால் இனித் திரி சொருக முடியாது. இப்போது பெட்டிகளில் லேபிள் ஒட்டுகிறாள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் அவள் சொல்வது என் காதில் விழாத வாரமில்லை.

"பூச்சி ஏதும் கடிச்சா அண்ணாச்சிகிட்ட உடனே சொல்லிருங்க. நான் சொல்லாம இருந்துதான் கையைக் கெடுத்துக்கிட்டேன்."