கயிற்றின் மறுமுனையில் கப்பல் ஐயா

கீரனூரில் பஸ் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் போன் அடித்தது. கப்பல் ஐயாவின் மனைவி மீனாட்சி அக்கா. ‘‘இந்திரா, எங்க வாரே?’’ என்று கேட்டார். ‘‘இப்பத்தான்க்கா ஏறுனேன். புதுக்கோட்டையில பஸ் மாறி வந்துருவேன்’’ என்றேன். ‘‘மெதுவா வா. அவுக போயிட்டாக’’ என்றார். அக்கா குரலில் அழுகை இல்லை. நான்தான் பஸ் என்றும் பாராமல் ‘‘ஐயோ, ஐயா!’’ என்று கத்திவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா யார், என்ன என்று கேட்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார்.

சட்டையில் குத்திய பட்டையில் ‘பழனியாண்டி, சப்-இன்ஸ்பெக்டர்’ என்றிருந்தாலும் எங்கள் ஸ்டேஷன் எல்லையில் அவர் ‘கப்பல் ஐயா’தான். அரிமளம் பக்கத்து விவசாயக் குடும்பம். மீசை அரும்பும் வயதில் கடற்படைக்குப் போனவர். அங்கே தண்ணீருக்கடியில் இறங்கி வேலை பார்க்கும் பிரிவில் இருந்துவிட்டு, முதல் நரை விழும் நேரத்தில் திரும்பி வந்து போலீசில் சேர்ந்தார். நான் அவருக்குக் கீழே ஏட்டாக இருந்தேன். என் வாயைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்டேஷனுக்குள் நான் ஆரம்பித்தால் வாசலில் நிற்கும் ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஐயா மட்டும் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில், ‘‘மழை விட்டுருச்சா ஏட்டம்மா? இனி நான் பேசலாமா?’’ என்பார்.

அவரைப் பற்றி நூறு சொல்லலாம். நான் அந்தக் கல்குவாரியைத்தான் சொல்வேன்.

வேலை நிறுத்தி வருடக்கணக்கில் மழைநீர் தேங்கிக் கிடந்த பள்ளம் அது. துபாயில் இருந்து லீவில் வந்திருந்த ஓர் இளைஞன் குளிக்க இறங்கி, மேலே வரவில்லை. நாங்கள் போனபோது ஊரே கரையில் நின்றது. தீயணைப்பு வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. வந்து சேர நேரமாகும் என்றார்கள். அந்தத் தாய் ஐயாவின் காலைப் பிடித்துக்கொண்டார். ‘‘எம்புள்ள மொகத்தக் காட்டுங்க சாமி. பொழுது சாயறதுக்குள்ள காட்டுங்க.’’

ஐயா சட்டையைக் கழற்றி மடித்து, தொப்பியை அதன்மேல் வைத்து என்னிடம் கொடுத்தார். லாரியில் இருந்த வடக்கயிற்றை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டார். கரையில் நின்ற ஆம்பளைகளிடம், ‘‘ஒரு இழுப்பு இழுத்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு இழுத்தா கயித்த இன்னும் விடுங்க. மூணு இழுத்தாத்தான் தூக்கணும்’’ என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

என்ன பிரயோசனம்! வருடா வருடம் தேர்வடம் பிடிக்கிற கைகள் அல்லவா? உள்ளேயிருந்து முதல் இழுப்பு வந்ததுமே, ‘‘விடாதே, இழு!’’ என்று ஒருவர் குரல் கொடுக்க, அத்தனை பேரும் காலை ஊன்றி இழுத்தார்கள். ஐயா பாறையில் உரசிக்கொண்டு மேலே வந்தார். முழங்கையில் தோல் வழன்று ரத்தம். நானாக இருந்தால் அந்த ஊர் தாங்கியிருக்காது. அவரோ அந்தத் தாயின் காதில் விழாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ‘‘தேரு நெலைக்கு வந்துருச்சாப்பா? நான் இன்னும் கெளம்பவே இல்லையே’’ என்றார். பிறகு கயிற்றை அவர்களிடமிருந்து வாங்கி என் கையில் கொடுத்தார்.

‘‘எனக்கா? நான் அவசரக்காரி ஐயா’’ என்றேன்.

‘‘ஒங்க அவசரமெல்லாம் வாயிலயே போயிரும் ஏட்டம்மா. கை நிதானமாத்தான் இருக்கும்.’’

மறுபடி இறங்கினார். ஓர் இழுப்பு வந்தது. நானும் ஓர் இழுப்புக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு இழுப்பு. ‘‘இழுங்கம்மா, ஆளு மூச்சு முட்டிப் போயிரப் போறாரு!’’ என்று பின்னால் கத்தினார்கள். என் மனசும் அதையேதான் சொன்னது. வாய் அவர்களை ஏசிக்கொண்டிருக்க, கை மட்டும் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தது. என் சர்வீசில் அதைவிடக் கடினமான வேலையை நான் பார்த்ததில்லை. கடைசியில் மூன்று இழுப்பு வந்தது. எல்லாரும் சேர்ந்து தூக்கினோம்.

தோளில் அந்தப் பையனோடு வந்தார் ஐயா. கரையில் கிடத்தியதும் தன் துண்டால் முகத்தைத் துடைத்து, தலைமுடியை விரலால் ஒதுக்கிவிட்டு, அந்தத் தாயை அழைத்தார். ‘‘வந்துட்டாரும்மா. கூட்டிட்டு வந்துட்டேன்.’’ ‘பாடி’ என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. இறந்தவர்களும் அவருக்கு வாங்க, போங்கதான். அன்று அந்தக் கரையில் நின்ற பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரைக் கும்பிட்டார்கள். எனக்கும் கும்பிடத் தோன்றியது; கையில் கயிறு இருந்தது.

ஜீப்பில் திரும்பும்போது சொன்னார். ‘‘கீழ பாறைச் சந்துக்குள்ள இருந்தாரு. நீங்க இழுத்திருந்தா அவரை விட்டுட்டு நான் மட்டும் வந்திருப்பேன். விடுறதுக்கும் பலம் வேணும்.’’

போன மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் நாளாக ஆக மோசமானது. இனிச் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று டாக்டர் பக்குவமாகச் சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. ‘‘திருச்சிக்குக் கொண்டு போவோம், மெஷின் வைக்கட்டும்’’ என்று கட்டிலருகே நின்று சத்தம் போட்டேன். மீனாட்சி அக்கா ஐயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் விரலை யாரோ இழுப்பதுபோல் இருந்தது. ஐயாவின் இடது கை. ஓர் இழுப்பு. நானும் ஓர் இழுப்புக் கொடுத்தேன். அவர் கண் என்மேல் இருந்தது. பிறகு இழுத்தார். ஒன்று. இரண்டு.

மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ‘‘வேணாம் ஐயா’’ என்றேன். மறுபடியும் அதே இரண்டு, இன்னும் அழுத்தமாக.

‘‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்க்கா’’ என்றேன். அக்கா தலையசைத்தார். அக்காவுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. ஐயா தன் வீட்டில், தன் கட்டிலில், அக்கா கையால் பால் குடித்துச் சில நாள் இருந்து, ஒரு காலைப் பொழுதில் போனார்.

அவரிடமிருந்து என்ன வைத்துக்கொண்டாய் என்று கேட்டால், என் விரலில் அந்த இரண்டு இழுப்பு இருக்கிறது. நீங்கள் சொன்னது சரிதான் ஐயா. கை விட்டுவிட்டது. வாய்தான் இன்னும் உங்களை இழுத்துக்கொண்டே இருக்கிறது.