எதிரிக்கும் ஒரு பிடி எள்

எங்கள் அப்பாவே, நீங்கள் போய் ஒரு வருடம். ஆக்லாந்தில், கிளென் ஈடன் வீட்டில் உங்கள் கதிரையில் இன்னும் ஒருவரும் இருக்கவில்லை. எனக்குப் பெரிய படிப்பு இல்லை. தெரிந்த தமிழில் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அப்பா திருகோணமலையில் பிறந்தவர். அவருடைய அப்பப்பா அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். உலகப் போரில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட காலையில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பிறகு எங்கள் நாட்டுப் போரில் அப்பாவின் தம்பி காணாமல் போனார். அவருடைய உடலும் கிடைக்கவில்லை. அப்பா அகதியாக நியூசிலாந்துக்கு, இந்த ஆக்லாந்துக்கு வந்து, பஸ் ஓட்டி எங்களை வளர்த்தார்.

லீவு நாளில் நூலகத்துக்குப் போய், அந்த விமானங்களை அனுப்பிய கடற்படைத் தளபதியைப் பற்றி ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி வாசிப்பார். பெரிய வெற்றிகள் கண்டவர், பிறகு பெரிய தோல்வி, கடைசியில் தூரத்துத் தீவு ஒன்றில் சாவு. அதை வாசித்த வருடம் ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட்ட பிறகு, அப்பா இன்னும் ஒரு பிடி எள் எடுத்துத் தளபதியின் பெயரைச் சொன்னார்.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். “கோத்திரம்?”

“கடல் எண்டு போடுங்கோ ஐயா.”

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். “அத்தான், வாற வருஷம் படையலுக்குச் சோயா சோஸும் வைப்பியள் போல.”

“வையன். நீதானே முதல் சாப்பிடுவாய்.”

மாமா சிரிக்கவில்லை. “உங்கட அப்பப்பாவைச் சாக்காட்டினவன் அத்தான் அவன்.”

“ஓம், நான் மறக்கேல்லை. என்ர தம்பியும் ஆருக்கோ எதிரிதானே? அந்தப் பக்கத்தில ஒரு வீட்டில எண்டாலும் அவனை நினைச்சு ஒரு சொட்டுத் தண்ணி விட்டா, எனக்கு எப்பிடி இருக்கும்?”

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தப் பெயர் வரும் நேரம் மாமா காருக்குள் போய் இருந்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை அப்பா என் கையைப் பிடித்து, “அந்தப் பேரை விட்டிடாத” என்றார். வெளியே வந்ததும் மாமா சொன்னார். “அது அத்தானோட போகட்டும் மருமோன். ஊர் சிரிக்கும்.”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கடற்கரையில் அப்பாவுக்கு எல்லாம் செய்து முடித்து, மாமா நிற்கும்போதே அந்தப் பெயரைச் சொன்னேன். ஆனால் தட்டில் எள் முடிந்திருந்தது. மாமா காருக்கு நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தோம். மிச்ச எள்ளுப் பையோடு திரும்பி வந்தார்.

“இந்தா, விடு. கோத்திரம் கடல். அதைச் சொல்ல மறந்திட்டாய்.”

வருகிற ஆடி அமாவாசைக்கும் நான் போவேன். மழை பெய்தாலும் போவேன். அம்மா வேண்டாம் என்று கேட்டதால் மட்டும் அந்தப் பெயரை இங்கே அச்சில் போடவில்லை.

அப்பாவைப் பார்த்த டாக்டர்கள், நேர்ஸ்மார், அவரோடு பஸ் ஓட்டியவர்கள், மாசி, பக்குரங்கா பகுதிகளிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டு வந்தவர்கள், ஐயர், மாமா, எல்லோருக்கும் எங்கள் நன்றி.

இதை வாசித்து முடித்ததும் அப்பாவுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். உடல் கிடைக்காமல் போனவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் என்று கேட்காமல்.