நெஞ்சைத் தடவிப் பார்க்கிற ஊரில்

கொழும்பு கொட்டாஞ்சேனைச் சந்தையில் வான்கோழி வாங்க வருகிறவர்கள் முதலில் அதன் நெஞ்சைத் தடவிப் பார்க்கிறார்கள். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து வருடங்கள் ஓடிவிட்டன, எனக்கு இன்னும் இது பழகவில்லை. இறகுக்குள் விரலை விட்டு அழுத்துவார்கள். சதை மெத்தென்று அமுங்கினால் "நல்ல சாமான்" என்பார்கள். அதோடு பரிசோதனை முடிந்தது. எங்கள் நாசரேத் பக்கம் காலைத்தான் பார்ப்போம். கோழியை மண்ணில் விட்டு, அதன் பின்னால் ஒரு கல்லை எறிவோம். ஓடுகிறதா, உட்காருகிறதா, பறந்து மதிலில் ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவோம். வந்த புதிதில் இந்தச் சந்தையிலும் அப்படி ஒரு கல்லை எறிந்தேன். கடைக்காரன் "நோனா, எப்பா எப்பா", வேண்டாம் அம்மா வேண்டாம் என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு கோழியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். என் மாமியார் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இந்தியாவில இருந்து வந்தது. அங்க சாப்பிடப் போற கோழிக்கு முதல்ல கல்லெறிவினமாம்." சந்தையே சிரித்தது.

ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப் போலக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுக்கப்பட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. என் கணவர் ஜெரோம் துறைமுகத்தில் வேலை செய்கிறார். மாமியாரும் கொழுந்தன் அன்ரனும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்கள். நாங்கள் மட்டக்குளியில், களனி ஆறு கடலில் சேருகிற இடத்துக்குக் கிட்ட. வீட்டுக்குப் பின்னால் மதில் போட்ட ஒரு துண்டு நிலம், அதில் நாட்டு வான்கோழி வளர்க்கிறேன். வீடு மாமியாருடையது. விசா கணவரைப் பிடித்துத்தான். வெளியில் வேலைக்குப் போக வழியில்லை. இந்த நாட்டில் என்னுடையது என்று நான் கை நீட்டிக் காட்ட அந்தப் பட்டி ஒன்றுதான் உண்டு. கொஞ்சம் பெட்டைகள், ஒரே ஒரு சேவல். பழைய இனம். சேவல் தானாக அணையும், பெட்டை தானாக அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். அப்படி ஒரு சேவலைக் கொழும்பு முழுக்கத் தேடிக் கிடைக்காமல், சிலாபம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பிடித்துக்கொண்டு வந்தேன். அது போனால் பட்டி போனது. டிசம்பர் பிறந்தால் வெள்ளவத்தை மாடிவீடுகளிலிருந்து, கனடாவிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் போனில் "ஹெரிடேஜ் டர்க்கி இருக்கா?" என்று கேட்பார்கள். நாட்டு வான்கோழிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் அது.

கேட்பவர்களில் ஒருவருக்கும் அதை அடையாளம் தெரியாது. வெள்ளையாக இருந்தால் பண்ணைக்கோழி, வெண்கல நிறத்தில் மினுங்கினால் நாட்டுக்கோழி என்று நினைக்கிறார்கள். தப்பு. பண்ணைக்காரன் வளர்க்கிற அகன்ற நெஞ்சுக்கோழியிலும் வெண்கல நிறம் உண்டு. இறகை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாட்டுச் சேவலுக்குக் கால் நீளம், முதுகு நீளம், நெஞ்சு நடுவில் எலும்பு கத்தி முதுகு மாதிரி கையில் தட்டும். பண்ணைச் சேவலில் அந்த எலும்பைக் கண்டுபிடிக்கவே முடியாது, இரண்டு பக்கமும் சதை பிதுங்கி நிற்கும். கால் குட்டை, தடி. கர்ப்பிணி மாதிரிக் காலை அகட்டி வைத்து நடக்கும். நாயை விரட்டிவிட்டால் நாட்டுக்கோழி மதிலில் நிற்கும், மற்றது நாலு எட்டு ஓடி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடும். உட்கார்ந்து உட்கார்ந்தே நெஞ்சில் இறகு உதிர்ந்து கொப்புளம் கட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, அதற்குப் பெட்டையை அணையத் தெரியாது, உடம்பு விடாது. பண்ணைகளில் ஆள்தான் சேவலைப் பிழிந்து விந்தெடுத்து, குழாயில் பெட்டைக்கு ஏற்றுகிறான்.

ஏறத் தெரியாதது சும்மா இருந்தால் பரவாயில்லை. அது ஏறி நிற்கும். மூட்டை கணக்காகக் கனத்தை வைத்துக்கொண்டு பெட்டையின் முதுகில் நின்று, வழுக்கி, நகத்தை விலாவில் ஊன்றிப் பிடிக்கும். விலா கிழியும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் இது நடந்தது. அப்பா யாரோ இலவசமாகக் கொடுத்தார்கள் என்று ஒரு பெரிய சேவலைக் கொண்டுவந்து விட்டார். மூன்றாம் நாள் நான் தீவனம் வைக்கப் போனபோது ஒரு பெட்டை தொடையிலிருந்து இறக்கை வரைக்கும் தோல் பிளந்து நின்றுகொண்டிருந்தது. வான்கோழிக்கு இரத்தத்தைக் கண்டால் ஆகாது. மற்றப் பெட்டைகள், அதோடு ஒன்றாகப் பொரித்து வளர்ந்தவை, சுற்றி நின்று அந்தப் பிளவில் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்று கொத்தி இழுக்க, மற்றது இடம் பிடித்துக் கொத்தியது. நான் உள்ளே இறங்கி உதைத்தேன், கத்தினேன். அவை என் காலைச் சுற்றி வந்து திரும்பக் கொத்தின. அந்தப் பெட்டை ஓடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றது. அம்மா வந்து அதன் கழுத்தைத் திருகினாள். மத்தியானம் அப்பா அந்தச் சேவலை விறகுக்கட்டையால் அடித்தே கொன்றார். அதன் மேல் என்ன குற்றம் என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.

போன நவம்பரில் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனேன். அங்கே பந்தியில் "சிலோன்காரிக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைங்க" என்றார்கள். ஒரு மாதம் தங்கிவிட்டு, கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மட்டக்குளிக்குத் திரும்பினேன். பெட்டியை வைத்துவிட்டு நேரே பின்பக்கம் போனேன். முதலில் வாடை. பிறகு ஈ. மதில் ஓரத்தில் இரண்டு பெட்டைகள் செத்துக் கிடந்தன, முதுகெலும்பு வெளியே தெரிந்தது. ஒன்று உயிரோடு இருந்தது, குடல் ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கியது. மற்றவை அதைத் துரத்திக்கொண்டிருந்தன. நடுவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெண்கல நிறத்தில் மினுங்கிக்கொண்டு ஒரு சேவல் உட்கார்ந்திருந்தது. கால்களைப் பார்த்தேன். குட்டை. நெஞ்சில் கொப்புளம். என் சேவல் இல்லை.

குடல் தொங்கின பெட்டையைப் பிடித்துக் கழுத்தைத் திருகினேன். சூட்கேஸ் திறக்கவில்லை, கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்த புதுச்சேலைகூட மாற்றவில்லை, அதெல்லாம் இரத்தம். ஜெரோம் வாசலில் வந்து நின்றார்.

"என்ர சேவல் எங்க?" என்றேன். கோபம் வந்தால் எனக்கு இந்த ஊர்ப் பேச்சும் எங்கள் ஊர்ப் பேச்சும் கலந்துதான் வரும்.

"அதுதானே நிக்குது. அன்ரன் ஒருகொடவத்தைக்கு லொறி கொண்டு போய் வரேக்க பண்ணையொண்டில எடுத்தவன். உனக்குப் பிரசென்ட். பழசு ஒல்லிப்பிச்சானா இருந்தது. ரெண்டும் சண்டை பிடிக்குது எண்டு பழசை அம்மா வீட்ட விட்டனான்."

"எதுக்கு?"

"கிறிஸ்மஸுக்கு."

"பெட்டை எல்லாம் கிழிஞ்சு கிடக்கே, கண்ணு தெரியலையா?"

"நாய் எண்டு நினைச்சன்," என்றார். "நல்ல நெஞ்சு, நல்ல வித்து எண்டுதானே அவனும் சொன்னவன்."

நெஞ்சைத் தடவிப் பார்த்து ஒரு மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என் பெட்டைகளுக்கு. ரோட்டுக்கு ஓடி ஒரு த்ரீவீலரை மறித்தேன். டிரைவர் சிங்களப் பையன். என் சேலையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. "இஸ்பிரிதாலெட்டத, நோனா?" என்றான். ஆஸ்பத்திரிக்கா என்று கேட்கிறான். "எப்பா, கொட்டஹேன" என்று கத்தினேன், கொட்டாஞ்சேனைக்கு அவர்கள் சொல்கிற பெயர் அது. நான் மயங்கிக்கொண்டு வழி சொல்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, ஹோர்னை அமுக்கிப் பிடித்தபடி கொட்டாஞ்சேனையையும் தாண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் விட்டான். தோளில் குத்தி நிறுத்தித் திருப்ப வேண்டியிருந்தது. இறங்கும்போது அவன் காசு வாங்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டான்.

மாமியார் வீட்டில் வான்கோழியைச் சும்மா அறுக்க மாட்டார்கள். முதலில் சாராயம் பருக்குவார்கள். சதை இளகுமாம். ஒல்லாந்தர் காலத்துப் பழக்கம் என்று மாமியார் பெருமையாகச் சொல்வாள். நான் முற்றத்துக்குள் நுழைந்தபோது என் சேவலைக் காலில் கயிறு போட்டுத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். அன்ரன் அதை முழங்காலுக்கு இடையில் இறுக்கி, அலகைப் பிளந்து போத்தலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வாழையிலையில் கத்தி. ஒழுங்கையில், எங்கள் ஊரில் சந்து என்போம், இருந்தவர்கள் பாதிப்பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏல, விடுல அதை!" என்றேன்.

"வாங்க அண்ணி! ஊரில இருந்து நேரா பார்ட்டிக்கே வந்திட்டீங்க," என்று சிரித்தான். "இவருக்கு நல்லா ஏறிட்டுது. உங்கட ஆள் எங்களை விட நல்லாக் குடிப்பார்."

"அது வித்துச் சேவல். நீ கொண்டுவந்து விட்டது பெட்டைகளைக் கிழிச்சுப்போட்டுது."

"விசர்க் கதை கதைக்காதீங்க. ரெண்டும் ஒரே கலர், ஒரே சாமான்."

பிடி கொஞ்சம் தளர்ந்தது. சேவல் துள்ளி எழும்பி, இரண்டு இறக்கையாலும் அவன் முகத்தில் அறைந்து, கால் முள்ளால் முன்கையைக் கீறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு போட்டமாதிரி பிளந்தது. சிரித்தவன் மிருகம் மாதிரிக் கத்தினான். போத்தலால் அதன் தலையில் அடித்தான். இன்னொரு அடி. சேவல் சரிந்தது. அவன் கத்தியை எடுத்துக் கழுத்துக்கு வீசினான். நான் கையை நீட்டிக் கத்தியைப் பிடித்தேன், கூர்ப் பக்கமாக. உள்ளங்கையில் வலி தெரியவில்லை, சூடுதான் தெரிந்தது. காலால் அவன் வயிற்றில் உதைத்தேன். மல்லாக்க விழுந்தான்.

"ஒரு களுக்குமாவுக்காக, ஒரு வான்கோழிக்காக என்ர பிள்ளையை உதைக்கிறியா?" மாமியார் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். "நாடு விட்டு நாடு வந்த மூதேசி!"

"ஓம், உதைச்சேன்," என்றேன். "இன்னொருக்கா தொட்டா இன்னொருக்கா உதைப்பேன்."

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். என் கையிலிருந்து இரத்தம் சீமெந்துத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். எனக்கு எங்கள் வீட்டுப் பெட்டைகள் ஞாபகம் வந்தன. தலையைக் குனியக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். குனியாமல், கயிற்றை அவிழ்த்து, சாராயம் நாறுகிற சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒழுங்கையைத் தாண்டினேன். ஒருவரும் தொடவில்லை.

அடுத்த நாள் காலை, கட்டுப்போட்ட கையோடு, பண்ணைச் சேவலை நானே அறுத்தேன். சாக்கின் மூலையை வெட்டி, அதற்குள் போட்டு, தலையை வெளியே எடுத்து, மாமரத்தில் தொங்கவிட்டு ஒரே வெட்டு. அது உதறக்கூட இல்லை, சாகவும் அதற்குத் தெம்பில்லை. அப்பா விறகுக்கட்டையால் அடித்ததை நினைத்துக்கொண்டேன். இந்த முறையும் அதன் மேல் குற்றமில்லை, ஆனாலும் வெட்டினேன். ஜெரோம் அதைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனார்.

கிறிஸ்மஸ் மத்தியானம் எல்லாரும் ஒரே மேசையில் இருந்தோம். எனக்கும் அன்ரனுக்கும் ஒரே வெள்ளைத்துணிக் கட்டு, எனக்கு உள்ளங்கையில், அவனுக்கு முன்கையில். மாமியார் நெஞ்சுச் சதையைப் பிய்த்து வாயில் போட்டாள். "பஞ்சு மாதிரி. அசல் நாட்டு வான்கோழி எண்டா இதுதான்," என்றாள். எதை அறுத்தோம் என்று ஜெரோம் சொல்லவில்லை, நான் தூக்கிக்கொண்டு போன சேவல் என்றே அவளும் அன்ரனும் நினைத்திருந்தார்கள். அன்ரன் எலும்பைச் சூப்பிக்கொண்டே என்னைப் பார்த்தான். "பாத்தீங்களா அண்ணி? சாராயத்தில ஒரு குறையும் இல்ல." சிரித்தேன், உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது. இறைச்சியை நான் தொடவில்லை.

சேவல் பிழைத்துக்கொண்டது. ஒரு கண் போய்விட்டது. சேவலின் நகம் படாதபடி மிஞ்சிய பெட்டைகளின் முதுகில் கித்தான் துணி தைத்துக் கட்டிவிட்டேன். ஆனால் அடிபட்ட நாளிலிருந்து சேவல் மனிதரைக் கண்டால் மதிலில் ஏறுகிறது. இரண்டு தடவை அடுத்த வளவுக்குள் குதித்துவிட்டது. "இனி ஒருக்கா வெளிய போனா அது எங்கட இல்லை," என்றார் ஜெரோம். "இறக்கையை வெட்டு, இல்லாட்டி வித்துப்போடு."

வெட்டுகிறதென்றால் இரண்டு இறக்கையையும் வெட்டக் கூடாது. இரண்டையும் வெட்டினால் சமமாகிவிடும், கொஞ்சநாளில் எப்படியாவது எழும்பப் பழகிக்கொள்ளும். ஒன்றை மட்டும் வெட்ட வேண்டும். சேவலை மடியில் வைத்து, தையல் பிரிக்காத கையால் பிடித்துக்கொண்டு, இடது இறக்கையின் நீள இறகுகளைக் கத்தரித்தேன். வலதைத் தொடவில்லை. கீழே விட்டதும் அது மதிலைப் பார்த்து ஓடிப்போய்த் துள்ளியது. வலது இறக்கை தூக்கியது, இடது பக்கம் விழுந்தது. எழும்பி, உதறி, திரும்பவும் ஓடியது. திரும்பவும் இடது பக்கம். இன்றைக்கும் வெயில் இறங்குகிற நேரம் அது அந்த மதிலுக்கு ஓடுகிறது. அடிப்புறத்து மண்ணில், விழுந்து விழுந்து, ஒரு பக்கமாகவே குழி விழுந்திருக்கிறது.